பட்டு நூலால் இலை தைக்கும் சில்வண்டு: குமரி மாவட்டத்தில் தேடிப் பார்ப்பது எப்படி?

பட்டு என்றால் பட்டுப்புழு, மிஞ்சினால் சிலந்தி. இதைத் தாண்டி நான் யோசித்ததே இல்லை. எங்கள் விளையில் (எங்கள் பக்கத்தில் தோட்டத்துக்கு அப்படித்தான் பெயர்), நல்லமிளகுக் கொடிக்கும் வாழைக்கும் நடுவே, வாயிலிருந்து பட்டு இழுத்து இலையைத் தைத்து அதற்குள் பகலெல்லாம் ஒளிந்திருக்கும் ஒரு சில்வண்டு இருக்கிறது என்பது குலசேகரம் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

ஆங்கிலத்தில் இதற்கு ராஸ்பி கிரிக்கெட் என்று பெயர். அறிவியலில் கிரில்லாக்ரிடிடே என்ற குடும்பம். தமிழில் தனிப்பெயர் எதையும் நான் கேட்டதில்லை. ரப்பர் பால் வெட்ட வரும் அண்ணனிடம் படத்தைக் காட்டினேன். "பாச்சை" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். கரப்பானும் அவருக்குப் பாச்சைதான். ஆகவே இங்கே என் வசதிக்குத் 'தையல் சில்வண்டு' என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் படி: ஆளை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்

வெளிறிய பழுப்பு, தேன் நிறம், சில சமயம் பச்சை. உருண்ட பெரிய தலை. உடலைப் போலப் பல மடங்கு நீளமான மீசைக்கொம்புகள்; டார்ச் வெளிச்சத்தில் முதலில் கண்ணில் படுவது இவைதான். பெண்ணாக இருந்தால் பின்புறம் வாள் போல முட்டையிடும் உறுப்பு நீட்டிக்கொண்டிருக்கும். இலை போலவே இருக்கும் பச்சை வெட்டுக்கிளியோடு குழப்பிக்கொண்டால் முன்னங்காலைப் பாருங்கள். அந்த வெட்டுக்கிளிக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே காது இருக்கும், சிறு பிளவாகவோ குழியாகவோ தெரியும். தையல் சில்வண்டுக்கு அது கிடையாது.

இரண்டாம் படி: இடம்

காளிகேசம், கீரிப்பாறை, பேச்சிப்பாறை என்று உடனே காட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். அனுமதியின்றி இரவில் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் போக முடியாது. போகவும் கூடாது, யானை நடமாடும் இடம். அதற்குத் தேவையும் இல்லை. மலையடிவாரத்து வீட்டு விளை, கிராம்புத் தோட்டத்தின் ஓரம், ஓடைக்கரைப் புதர் போதும். அடிச்செடிகளைச் சுத்தமாகச் செதுக்கிவிட்ட ரப்பர் தோட்டத்தில் எனக்கு ஒன்றும் அகப்பட்டதில்லை. சோம்பேறித்தனத்தால் புதர் மண்டிய விளை என்றால் நல்ல வாய்ப்பு. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழை விட்ட மறுநாள் இரவை நான் தவறவிடுவதில்லை.

மூன்றாம் படி: பகலில் பூச்சியைத் தேடாதீர்கள், இலையைத் தேடுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் தவறுவது இங்கேதான். இரவில் டார்ச்சைச் சுழற்றிக்கொண்டு அலைந்தால் தவளையும் சிலந்தியும் தென்படும், வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். பகலிலேயே அதன் இலை வீட்டைக் கண்டுபிடித்து வைத்துவிட்டால் இரவில் அலைய வேண்டாம்.

இடுப்பு உயரம் முதல் தலை உயரம் வரையுள்ள இலைகளைப் பொறுமையாகப் பாருங்கள். ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்ட இரண்டு இலைகள், அல்லது நீளவாக்கில் மடிந்த ஓர் இலை. ஆனால் மடிந்த இலையெல்லாம் இதன் வீடு ஆகிவிடாது. பல இலைகள் பந்து போலச் சேர்ந்து வெள்ளைத் துணி ஒட்டியது போல இருந்தால் அது முசுறு எறும்பின் கூடு. கையை வைத்தால் அவையே சொல்லிவிடும். சுருளுக்குள் கருமணல் போல எச்சம் கிடந்து, இலை உள்ளிருந்து சுரண்டப்பட்டிருந்தால் அந்துப்பூச்சியின் புழு. தையல் சில்வண்டுக்கு அந்த இலை படுக்கைதான், சாப்பாடு இல்லை. ஓரத்தில் மட்டும் குறுக்கும் நெடுக்குமாக நூல் தெரியும்.

உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் அந்த ஓரத்தை நெருங்கிப் பாருங்கள். நான் முதலில் பார்த்தது ஒரு நல்லமிளகு இலை. விளிம்பிலிருந்து விளிம்புக்கு நூல்கள் ஏணிப்படி போல ஓடின. இடையிடையே நூலே இல்லை, வெங்காயத் தோல் போல ஒரு படலம் மினுங்கியது. எச்சில் காய்ந்த தடம் என்று நினைத்தேன். 2012இல் வெளியான ஓர் ஆய்வைப் பின்னர் படித்தபோதுதான் புரிந்தது: இந்தப் பூச்சியின் பட்டு இழையாகவும் வரும், தட்டையான படலமாகவும் வரும், இரண்டும் ஏறக்குறைய ஒரே புரதச் சேர்க்கை. கீழுதட்டுச் சுரப்பியிலிருந்து வரும் பட்டை எந்த வடிவில் விடுவது என்பதை வாயுறுப்பே கட்டுப்படுத்துகிறதாம். பட்டுப்புழு அந்துப்பூச்சியானதும் நூற்பதை நிறுத்திவிடும். இது வளர்ந்த பிறகும் நூற்கும்.

இலையைப் பிரிக்காதீர்கள். நான் பிரித்தேன். உள்ளேயிருந்து வந்தது என் சுட்டுவிரலைக் கவ்வி ரத்தம் பார்த்துவிட்டது. நஞ்சு இல்லை, ஆனால் தாடை பலமானது. "சும்மா இருந்ததை ஏன் மக்களே கிளப்பினாய்?" என்றார் பால் வெட்டும் அண்ணன். கடியைவிட, அது அந்த இலைக்குத் திரும்பவே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். இலைக்காம்பில் ஒரு சிவப்பு நூலைத் தளர்வாகக் கட்டி அடையாளம் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

நான்காம் படி: இரவில் அதே இலைமுன் காத்திருங்கள்

முழுக்கால் சட்டை, மூடிய செருப்பு, அட்டைக்குச் சிறிது உப்பு. டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாக ரப்பர் வளையத்தால் கட்டுங்கள். பூச்சிகளின் கண்ணுக்குச் சிவப்பு மங்கலாகத்தான் தெரியும். கிளையில் கை வைக்கும் முன் வெளிச்சம் அடித்துப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள், குழிவிரியன் பாம்பு தாழ்ந்த கிளைகளில் அசையாமல் கிடக்கும்.

இருட்டிய பிறகு முதலில் மீசைக்கொம்பு ஒன்று விளிம்பு வழியே வெளியே வரும். காற்றைத் துழாவும். உள்ளே போய்விடும். மறுபடி வரும். அரைமணி நேரம்கூட இப்படியே போகலாம். நீங்கள் பக்கத்தில் இருப்பவரிடம் மெல்லப் பேசலாம், தவறில்லை. செடியைத் தொட்டு ஆட்டினால்தான் கெட்டது. காது இல்லாத இந்தப் பூச்சிக்குக் கிளையின் அதிர்வுதான் செய்தி. ஆண்கள் பெண்ணை அழைப்பதும் பின்னங்காலால் தான் நிற்கும் பரப்பைத் தட்டித்தான்.

தைப்பதைப் பார்க்க வேண்டுமானால் விடியலுக்கு முன் வாருங்கள், பால் வெட்டுபவர்களின் தலைவிளக்குகள் மலைச்சரிவில் நகரும் நேரத்தில். ஒரே ஒரு முறை எனக்கு முழுதாக வாய்த்தது. கால்களால் இலையின் இரு ஓரங்களையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு தலையை இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை என்று அசைத்தது. தொட்ட இடத்திலெல்லாம் நூல் ஒட்டியது. இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் மீசையையும் உள்ளே இழுத்துக்கொண்டது. சாக்குத் தைக்கும் கோணியூசி இன்னும் கொஞ்சம் நிதானமாக வேலை செய்தால் அப்படித்தான் இருக்கும்.

ஐந்தாம் படி: சத்தம் கேட்டால் பின்வாங்குங்கள்

மற்ற சில்வண்டுகள் இறக்கையை உரசிப் பாடும். இது பின்தொடையை வயிற்றின் பக்கவாட்டிலுள்ள சொரசொரப்பில் உரசும். ஆண், பெண், குஞ்சு எல்லாமே செய்யும். தேங்காய்ச் சிரட்டையை அரத்தால் ராவுவது போல ஒரு கரகரப்பு. பாட்டில்லை, மிரட்டல். கூடவே எழும்பி நின்று, இறக்கை உள்ளவை அதை விரித்துத் தாடையைத் திறக்கும். அந்தக் காட்சியைப் படமெடுப்பதற்காக வேண்டுமென்றே சீண்டுகிறவர்களை என் விளைக்குள் நான் விடுவதில்லை.

ஆறாம் படி: படமும் பெயரும்

மூன்று படம் போதும்: தலை முன்பக்கம், பக்கவாட்டில் கால்களோடு முழு உடல், வால்முனை. தைத்த இலையையும் ஒன்று எடுத்து, தேதியோடும் செடியின் பெயரோடும், பார்த்த உயிர்களைப் பதிவு செய்யும் இணையதளமான ஐநேச்சுரலிஸ்டில் ஏற்றுங்கள். இனப்பெயர் போட அவசரப்படாதீர்கள், குடும்பப் பெயரோடு நிறுத்துங்கள். என் விளையில் பார்த்தவற்றுக்கு நானும் இன்றுவரை அதற்கு மேல் எழுதியதில்லை.