ஊருக்குப் போகும் பெட்டியில் ஒரு டயர் அழுத்தமானி

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்து இறங்கிய மறுநாளே "கார் சும்மாதான் நிக்குது, எடுத்துட்டுப் போங்க" என்று சாவியைக் கையில் திணித்துவிடுவார்கள். பல மாதம் அசையாத வண்டி. டயர்கள் பார்க்க நன்றாகவே இருக்கும். அதுதான் சிக்கல். ரேடியல் டயர் தரையில் பதியும் இடத்தில் எப்போதுமே சற்று உப்பித் தெரியும் என்பதால், காற்று நிறையக் குறைந்திருந்தாலும் கண்ணுக்குப் பிடிபடாது. உதைத்துப் பார்ப்பதும் வீண். நிற்கும் டயரே மாதத்துக்கு ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு) இழக்கும்.

வெளிநாட்டில் நாம் இதை மறந்தேவிட்டோம். அமெரிக்காவில் 2007 முதலும் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 முதலும் புதிய கார்கள் எல்லாவற்றுக்கும் டயர் அழுத்த எச்சரிக்கை கட்டாயம். விளக்கு எரியாவிட்டால் எல்லாம் சரி என்று பழகிப்போனோம். ஊரில் கிடைக்கும் வண்டியில் அந்த விளக்கே இல்லாமலும் இருக்கலாம்.

ஆகவே பெட்டியில் ஒரு சின்ன அளவுமானி போட்டுக்கொள்ளுங்கள். கார் டயர் வால்வு உலகெங்கும் ஒன்றுதான். எங்கே வாங்கினாலும் பொருந்தும். பேனா மாதிரி, முள் காட்டுவது, டிஜிட்டல் என்று மூன்று வகை. என் ஓட்டு டிஜிட்டலுக்கு. இருட்டிலும் படிக்கலாம், பி.எஸ்.ஐ., பார், கிலோபாஸ்கல் எதற்கும் மாற்றலாம். ஊரில் காற்று அடிப்பவரிடம் பி.எஸ்.ஐ. கணக்கில் சொன்னால்தான் எடுபடும்: 2.2 பார், 220 கிலோபாஸ்கல், 32 பி.எஸ்.ஐ. மூன்றும் ஏறக்குறைய ஒன்றே.

அளப்பது காலையில், வண்டியை எடுக்குமுன். அளவுமானியை வால்வில் நேராக அழுத்த வேண்டும். "ஸ்ஸ்" சத்தம் தொடர்ந்தால் சாய்வாகப் பிடித்திருக்கிறீர்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது உச்சவரம்பு, அதை நிரப்பிவிடாதீர்கள். முழு பாரத்துக்குத் தனி எண் போட்டிருந்தால், சொந்தபந்தம் ஏறும் நாளில் அதைப் பாருங்கள். ஓடிச் சூடான டயர் நான்கைந்து பி.எஸ்.ஐ. கூடக் காட்டும், அதிகம் என்று காற்றைத் திறந்துவிட வேண்டாம். ஒருமுறை நான் அப்படிச் செய்து, மறுநாள் காலையில் நான்கு டயரும் 28-இல் நின்றன.

நீண்ட பயணம் உண்டென்றால் வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் சென்சார்கள் வாங்கலாம். நான்கு மூடி, டாஷ்போர்டில் ஒட்டும் சூரிய ஒளித் திரை, அவ்வளவுதான். எந்தச் சக்கரத்துக்கு எது என்று மூடியிலேயே குறித்திருக்கும். ஸ்டிக்கர் 33 என்றால் கீழ் எச்சரிக்கையை 27-இலும், மேல் எச்சரிக்கையை 42-இலும் வையுங்கள். வெயில் படும் பக்கத்து டயர் ஒன்றிரண்டு கூடக் காட்டினால் பதற வேண்டாம். இந்த மூடிகளில் ஒரு சங்கதி: அவை வால்வின் ஊசியை எந்நேரமும் அழுத்திக்கொண்டே இருக்கும். ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் காற்று காக்கும் கருவியே காற்றை விட்டுவிடும். மாட்டியதும் விரலில் சோப்பு நீரைத் தொட்டு வால்வைச் சுற்றித் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கழற்றி மறுபடி திருகுங்கள்.

காற்றடிக்கும் சிறு பம்பும் கொண்டுபோகலாம். காரின் 12 வோல்ட் துளையில் செருகும் வகைதான் தொல்லையில்லாதது. லித்தியம் பேட்டரி உள்ளதென்றால் விமான நிறுவனத்திடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். உதிரி பேட்டரிகள் கைப்பையில் மட்டுமே.

அப்புறம், ஸ்டெப்னியையும் அளக்க வேண்டும். யாரும் அளப்பதில்லை. கீழே குனியும்போதே டயரில் 'டாட்' (DOT) குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள்: 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ரப்பரில் வெடிப்பு விழுந்திருந்தால் எந்தக் கருவியும் உதவாது, டயரை மாற்றச் சொல்லுங்கள்.

திரும்பும் நாளில் சென்சார்களைக் கழற்றிப் பழைய மூடிகளைப் போட மறக்காதீர்கள். அளவுமானியை நான் அங்கேயே விட்டுவிட்டு வருவேன். அடுத்த முறை போனால் அது இருக்காது; இன்னொன்று வாங்கிப் போவேன்.