தொழிலை விற்றுவிட்டு வெளிநாட்டிலேயே தங்குவதா? மனசு இரண்டு பக்கமும் இழுத்தால் என்ன செய்வது

விற்றுவிட்டுப் போய்விடலாம் என்று ராத்திரி முடிவு செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறீர்கள், காலையில் ஷட்டரைத் தூக்கும்போது வயிற்றைப் பிசைகிறது என்றால், பயப்பட வேண்டாம், எல்லோருக்கும் அப்படித்தான். 19 வருஷம் நடத்திய அச்சகத்தை விற்பதற்கு முன்னால் நான் 8 மாதம் மதில் மேல் பூனையாக உட்கார்ந்திருந்தேன். அந்த 8 மாதத்தில் செய்த தப்புகளையும், தற்செயலாகச் சரியாகச் செய்த ஒன்றிரண்டையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, "விற்றுவிட்டுப் போவது" என்பதை இரண்டாக வெட்டுங்கள். ஒரே மூச்சில் சொல்லிப் பழகியதால் அது ஒரே முடிவு போலத் தெரிகிறது, ஆனால் விற்பது ஒரு முடிவு, போவது வேறு முடிவு. ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: விற்றுவிட்டு இங்கேயே இருப்பது, விற்காமல் போவது, விற்றுவிட்டுப் போவது, எதுவுமே செய்யாமல் இப்படியே இருப்பது. ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு வாரம் முழுக்க "இதுதான் முடிவு" என்று நினைத்துக்கொண்டு வாழ்ந்து பாருங்கள். எந்த வாரத்தில் தோள் இறங்குகிறது, எந்த வாரத்தில் எரிச்சல் வருகிறது என்று குறித்து வையுங்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது என்னவென்றால், "விற்றுவிட்டு இங்கேயே இருப்பது" என்ற வாரத்தில்தான் நன்றாகத் தூங்கினேன். அதாவது எனக்குத் தொழில் சலித்துவிட்டது, ஊர் சலிக்கவில்லை. போக வேண்டும் என்பது வீட்டில் மற்றவர்களின் ஆசை. அது தெரிந்த பிறகும் போகத்தான் செய்தேன், ஆனால் யாருக்காகப் போகிறேன் என்று தெரிந்து போனேன், அதனால் பிற்பாடு யார் மீதும் பழி போடவில்லை. சரி, கொஞ்சம்தான் போட்டேன்.

"விற்காமல் போவது" என்ற கட்டத்தில்தான் உங்கள் மனசு லேசாகிறது என்றால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். ஆள் வைத்து நடத்தலாம், தூரத்தில் இருந்து கேமராவில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லாதவர்கள் இல்லை. அது நடக்குமா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது: 6 வாரம் லீவு போட்டுவிட்டுப் போங்கள், கடைக்கு ஒரு போன்கூடச் செய்யாதீர்கள், திரும்பி வந்து கணக்கைப் பாருங்கள். பெரிதாக எதுவும் குறையவில்லை என்றால் நீங்கள் விற்கவே தேவையில்லாமல் இருக்கலாம். எல்லாம் அலங்கோலமாகக் கிடந்தால், தூரத்தில் இருந்து நடத்தும் யோசனையை அன்றைக்கே கைவிடுங்கள். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நின்றவர்களில் தொழிலும் போய், போன இடத்திலும் ஒட்டாமல் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தச் சோதனைக்கு இன்னொரு லாபமும் உண்டு, வாங்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வியே "நீங்கள் இல்லாவிட்டால் இது ஓடுமா?" என்பதுதான்.

அடுத்தது விலை. இங்கேதான் மனசு அதிகமாக விளையாடும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்களே, அதைக் கானமன், நெட்ஷ், தேலர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1990-இல் காபிக் குவளைகளை வைத்து நிரூபித்தே காட்டினார்கள். வகுப்பில் பாதிப் பேருக்கு ஆளுக்கொரு குவளை கொடுத்தார்கள். வாங்குவதற்கு மற்றவர்கள் தரத் தயாராக இருந்ததைப் போல இரண்டு மடங்கு விலை வந்தால்தான் கொடுப்பேன் என்று குவளை கிடைத்தவர்கள் நின்றார்கள். சற்று முன் கைக்கு வந்த ஒரு குவளைக்கே இந்தப் பாடு என்றால், 19 வருஷம் வைத்திருந்ததற்கு என்ன விலை சொல்லத் தோன்றும்? அதனால் விலையை நீங்கள் போடாதீர்கள். உங்கள் தொழிலில் எந்தப் பற்றும் இல்லாத ஒரு ஆடிட்டரைப் போடச் சொல்லுங்கள். சிறு தொழில்களுக்குப் பெரும்பாலும் வருஷ லாபத்தை ஒரு எண்ணால் பெருக்கித்தான் கணக்குப் போடுவார்கள். அந்த லாபத்தில் இருந்து உங்கள் இடத்தில் உட்காரப் போகிறவருக்கான சம்பளத்தைக் கழிக்க வேண்டும். நான் அதைக் கழிக்க மறந்துவிட்டு, வந்த முதல் ஆளிடம் வானத்துக்கு விலை சொன்னேன். அவர் டீயைக் குடித்து முடிக்காமலே எழுந்துவிட்டார்.

உழைப்புக்கு விலை கிடைக்காது, எழுதி வைத்ததற்குத்தான் கிடைக்கும். 3 வருஷக் கணக்கு, வரி கட்டிய காகிதங்கள், வாடகை ஒப்பந்தம் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பது தெரிந்ததுதான். அதைவிட முக்கியம், உங்கள் தலைக்குள் இருப்பதை வெளியே எடுப்பது. நான் ஒரு 80 பக்க நோட்டு வாங்கி, தினமும் அரை மணி நேரம் எழுதினேன். இரண்டாவது மெஷினில் மழைக்காலத்தில் தாள் ஈரம் இழுத்து ஒன்றோடொன்று ஒட்டும், முதல் நாளே பிரித்து விசிறி வைக்க வேண்டும். இந்த வாடிக்கையாளர் முதல் போனுக்குப் பணம் தர மாட்டார், இரண்டாவது போனில் கண்டிப்பாகத் தருவார். அந்த நீல நிறத்துக்குக் கறுப்பு மை ஒரு துளிதான், இரண்டாவது துளி விழுந்தால் செத்துப்போகும். இப்படியே போனது. விலைக்காகத்தான் ஆரம்பித்தேன், ஆனால் 41-ஆம் பக்கத்தில் அந்த நீலத்தைப் பற்றி எழுதும்போது பேனாவை வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். இப்போது யோசித்தால், தொழிலிடம் நான் விடைபெற்றது அந்த நோட்டில்தான். பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட நாளில் ஒன்றும் தோன்றவில்லை.

ஒப்பந்தத்தை வக்கீல் பார்த்துக்கொள்வார், நான் வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று இருந்துவிடாதீர்கள், ஏனென்றால் வெளிநாட்டுக்குப் போகிறவருக்கு மட்டும் வலிக்கிற சில இடங்கள் அதில் இருக்கும். பணம் தவணையாக வருகிறது என்றால், தவணை நிற்கும் நாளில் நீங்கள் வேறு கண்டத்தில் இருப்பீர்கள், அங்கிருந்துகொண்டு வழக்கு நடத்த முடியுமா? கொஞ்சம் குறைந்த விலையாக இருந்தாலும் மொத்தமாக வருவதை வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது மீதிப் பணத்தை இரு தரப்புக்கும் பொதுவான மூன்றாம் ஆளின் பொறுப்பில் வைக்கச் சொல்லுங்கள். அடுத்த 2 வருஷ லாபத்தைப் பொறுத்து மீதி விலை என்று ஒரு ஏற்பாடு சொல்வார்கள், கேட்க நன்றாக இருக்கும், ஆனால் மனசை அங்கேயே கட்டிப்போட்டுவிடும். தினமும் விற்பனை எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டிருப்பீர்கள்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு, வங்கிக் கடனுக்கும் கடை வாடகைக்கும் நீங்கள் சொந்தப் பெயரில் கொடுத்த ஜாமீன். தொழிலை விற்றுவிட்டதால் அது தானாகப் போய்விடாது. வங்கியும் கட்டிடக்காரரும் "இவரை விடுவித்துவிட்டோம்" என்று எழுத்தில் தர வேண்டும், அதைக் கையில் வாங்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். நிலுவையில் நிற்கும் பாக்கியை யார் வசூலிப்பது, பழைய வரி நோட்டீஸ் வந்தால் யார் பொறுப்பு என்பதையும் எழுதிவிடுங்கள். கம்பெனியின் பங்குகளை விற்றால் அதன் பழைய கடன், வழக்கு எல்லாம் கம்பெனியோடு சேர்ந்து போகும், சரக்கையும் இயந்திரத்தையும் பெயரையும் மட்டும் விற்றால் பழைய பாரம் பெரும்பாலும் உங்களிடமே நிற்கும். அதனால் வாங்குகிறவர் இரண்டாவதைத்தான் கேட்பார்.

வரியில் பலரும் தப்புவிடுவது வரிசையில். விற்றுவிட்டுக் கிளம்புவதா, கிளம்பிய பிறகு விற்பதா என்பதைப் பொறுத்து வரி பெரிய அளவில் மாறலாம். பல நாடுகளில் வருஷத்துக்கு 183 நாள் தங்கினால் வரி விஷயத்தில் அங்கே குடியிருப்பவர் என்று கணக்கு, ஆனால் அது மட்டுமே அளவுகோல் இல்லை, வீடு எங்கே, குடும்பம் எங்கே என்றும் பார்ப்பார்கள். கனடாவில் இருந்து நிரந்தரமாகக் கிளம்புகிறவர் தன் சொத்துகளில் பலவற்றை, விற்காவிட்டாலும், அன்றைய சந்தை விலைக்கு விற்றதாகவே எடுத்துக்கொண்டு வரி போடுவார்கள். ஜெர்மனியில் ஒரு கம்பெனியில் 1 சதவீதம் பங்கு வைத்திருந்தவருக்கே வெளியேறும்போது இப்படி ஒரு வரி காத்திருக்கலாம். அமெரிக்காவோ தன் குடிமக்கள் உலகத்தில் எந்த மூலையில் சம்பாதித்தாலும் கணக்குக் கேட்கிறது. ஆகவே இங்கே ஒரு ஆடிட்டர், போகிற நாட்டில் ஒரு ஆடிட்டர், இருவரிடமும் பேசிவிட்டுத் தேதியை முடிவு செய்யுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு போய்க் கேட்டால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. விற்பனைப் பத்திரம், வரி கட்டிய ரசீது இரண்டையும் பத்திரமாக எடுத்துப் போங்கள், இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்று அங்கே வங்கியில் கேட்பார்கள்.

"நிரந்தரமாக" என்ற வார்த்தையைப் பார்த்து மிரளாதீர்கள். நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கும் நிரந்தரம் கிடையாது, அதிலும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. கனடாவில் 5 வருஷத்துக்கு 730 நாளாவது அங்கே இருந்திருக்க வேண்டும். பிரிட்டனில் நிரந்தரமாகத் தங்க அனுமதி வாங்கியவர்களில் பெரும்பாலோர் தொடர்ந்து 2 வருஷத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டால் அனுமதி போய்விடும். நீங்கள் போகிற நாட்டின் எண் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் திரும்பி வந்து யோசிக்க எவ்வளவு நாள் கதவு திறந்திருக்கும் என்பதை அந்த எண்தான் சொல்கிறது. தயங்குகிறவருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா? குடியுரிமையையே மாற்றிக்கொள்வது வேறு விஷயம். இந்தியா, சிங்கப்பூர், ஜப்பான் போன்ற நாடுகள் இரட்டைக் குடியுரிமையை ஒப்புக்கொள்வதில்லை, அதனால் அதை எல்லாவற்றுக்கும் கடைசியாக வையுங்கள், அவசரமே இல்லை.

யாரிடம் எப்போது சொல்வது? ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை வீட்டாருக்கு மட்டும் தெரிந்தால் போதும். விற்கப் போகிறார் என்று காற்று வாக்கில் பரவினாலே சப்ளையர்கள் கடனுக்குச் சரக்குத் தருவதை நிறுத்திவிடுவார்கள், நல்ல வேலைக்காரர்கள் வேறு இடம் தேட ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் கையெழுத்தான அன்றே வேலைக்காரர்களிடம் நீங்களே, நேரில், சொல்லிவிட வேண்டும். நான் ஒரு நாள் தள்ளிப்போட்டேன், அதற்குள் வெளியில் இருந்து கேள்விப்பட்டுவிட்டார்கள். 14 வருஷம் கூட இருந்தவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, சண்டை போடவில்லை. அடுத்த நாள் மெஷினைத் துடைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், "அண்ணே, அந்த மூணாவது ரோலர் தேஞ்சுபோச்சு, மாத்தறதா இருந்தா புது ஆளுகிட்டதான் கேக்கணுமா?" என்றார். அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

போன பிறகு என்ன ஆகும்? முதல் சில மாதம் எல்லாம் புதிதாக இருக்கும். அப்புறம்தான் அடி. 1955-இல் லிஸ்கார்ட் என்பவர் அமெரிக்கா போய் வந்த நார்வேக்காரர்களை விசாரித்ததில், 6 மாதத்துக்குக் கீழே இருந்தவர்களையும் 18 மாதத்துக்கு மேல் இருந்தவர்களையும்விட, இடைப்பட்ட காலம் இருந்தவர்கள்தான் அதிகமாகத் தவித்திருந்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் என் வரைக்கும் அது சரியாகவே நடந்தது. அதனால் முதல் ஒன்றரை வருஷத்தில் மூன்று விஷயம் செய்யாதீர்கள்: வீடு வாங்காதீர்கள், புதுத் தொழில் தொடங்காதீர்கள், "தப்புப் பண்ணிவிட்டேன்" என்று மூட்டை கட்டாதீர்கள். வேலை ஏதாவது செய்யுங்கள், சின்ன வேலையாக இருந்தாலும் பரவாயில்லை, காலையில் போய்ச் சேர ஓர் இடம் வேண்டும். பேர் சொல்லிக் கூப்பிடுவதற்குப் பழகவே எனக்கு 4 மாதம் ஆனது, அத்தனை வருஷம் யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

போன் நம்பரை மட்டும் கண்டிப்பாகப் புது முதலாளிக்கே கொடுத்துவிடுங்கள். நான் கொடுக்கவில்லை, சொந்த நம்பர்தானே என்று வைத்துக்கொண்டேன். 7 மாதம் கழித்து ஒரு ராத்திரி 2 மணிக்கு அடித்தது, அங்கே பகல். பழைய வாடிக்கையாளர், இரண்டாவது போனுக்குத்தான் பணம் தருவாரே, அவர். "நம்ம நீலம் சரியா வரலைங்க, அது எப்படிப் போடுவீங்க?" என்றார். நோட்டில் 41-ஆம் பக்கத்தில் இருக்கிறது, புது முதலாளியையே பார்க்கச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். எழுந்து உட்கார்ந்து, கறுப்பு ஒரு துளி என்பதில் இருந்து ஆரம்பித்து, மொத்தத்தையும் சொன்னேன்.