அழுக்குத் தண்ணீர் குழாய்க்குள் திரும்பி ஏறாமல் தடுப்பது எப்படி?

சோப்புத் தண்ணீர் வாளிக்குள் ஹோஸின் நுனி முங்கிக் கிடக்கிறது. குழாய் திறந்தே இருக்கிறது. அந்த நேரம் மெயின் சப்ளை நின்று, கீழ்த்தளத்தில் யாராவது குழாயைத் திறந்தால் போதும். பைப்பில் நிற்கும் தண்ணீர் கீழே இறங்க இறங்க, மேலே இருக்கும் ஹோஸ் வாளியை உறிஞ்சத் தொடங்கிவிடும். அந்த அழுக்குதான் பிறகு சமையலறைக் குழாயில் வரும்.

இதற்கு மிக உறுதியான தடுப்பு, காசே செலவாகாத காற்று இடைவெளி. குழாய் வாய்க்கும் தொட்டி விளிம்புக்கும் நடுவே, குழாய் விட்டத்தைப் போல இரு மடங்கு உயரம் விடுங்கள்: 20 மி.மீ. குழாய்க்கு 40 மி.மீ. எந்தக் குழாயானாலும் 25 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஓவர்ஃப்ளோ ஓட்டையிலிருந்து அளக்காதீர்கள். அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் விளிம்புவரை ஏறும். மேல்நிலைத் தொட்டியில் சத்தம் கேட்காமலிருக்க மிதவை வால்விலிருந்து அடிவரை ஒரு பைப்பை இறக்கியிருப்பார்கள். அதன் நுனி தண்ணீரில் முங்குவதால் இடைவெளியே இல்லாமல் போகும். அதைக் கழற்றிவிடுங்கள்.

ஃபிளஷ் டேங்கில் தண்ணீர் நிரப்பும் வால்வின் மேல் ‘சி.எல்.’ (கிரிட்டிக்கல் லெவல்) என்று ஒரு குறி இருக்கும். அது ஓவர்ஃப்ளோ குழாயின் வாயைவிட 25 மி.மீ. மேலே நிற்க வேண்டும்.

ஹோஸ் மாட்டும் குழாய்களில் வேக்குவம் பிரேக்கர் போடுங்கள். தண்ணீர் பின்னால் உறிஞ்சப்படும்போது காற்றை உள்ளே விட்டு அதை நிறுத்தும் சின்னக் கருவி இது. வாஷர் வைத்துக் கையால் திருகி, பக்கவாட்டு ஸ்க்ரூ இருந்தால் அதையும் முறுக்குங்கள். குழாயை மூடும்போது பிரேக்கரின் ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் சிதறும். அது கசிவு அல்ல, காற்று உள்ளே போகும் வழி. ஹோஸ் நுனியில் ஸ்ப்ரே கன்னை மூடிவிட்டுக் குழாயைத் திறந்தே போடாதீர்கள். 12 மணி நேரத்துக்கு மேல் அழுத்தத்தில் இருந்தால் பிரேக்கருக்குள் இருக்கும் ரப்பர் ஒட்டிக்கொண்டு, தேவைப்படும் நேரத்தில் திறக்காது.

‘நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) போட்டிருக்கிறதே’ என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஒரு மணல் துகள் சிக்கினாலே அதன் கதவு முழுதாக மூடாது. அதனால் அதற்கு முன்னால் ஒரு வடிகட்டி வையுங்கள். அம்புக்குறி தண்ணீர் போகும் திசையைக் காட்ட வேண்டும். சோதிக்க, மெயின் வால்வை மூடிவிட்டு, அதற்கும் நான்-ரிட்டர்ன் வால்வுக்கும் நடுவே உள்ள குழாயைத் திறங்கள். முதலில் வரும் தண்ணீர் வடிந்த பிறகும் ஓட்டம் நிற்கவில்லை என்றால் வால்வு தண்ணீரைப் பின்னால் விடுகிறது. வீட்டு நுழைவில் இதைப் போட்டால், ஹீட்டரில் சூடாகி விரியும் தண்ணீர் பின்னால் போக முடியாது. அதை வாங்கிக்கொள்ள விரிவுத் தொட்டி ஒன்றும் தேவைப்படும்.

போர்வெல் பைப்பையும் மெயின் பைப்பையும் இணைத்து நடுவில் ஒரு வால்வு மட்டும் வைத்திருந்தால் இன்றே பிரித்துவிடுங்கள். மோட்டாரின் அழுத்தம் மெயினைவிடக் கூடினால், கசியும் வால்வு வழியே போர்வெல் தண்ணீர் தெருக்குழாய்வரை போகும். இரண்டும் தனித்தனியாக, தொட்டிக்கு மேலே இடைவெளி விட்டு விழட்டும்.

பூச்சிமருந்தையோ உரத்தையோ ஹோஸில் கலந்து அடிப்பதாக இருந்தால் மேலே சொன்னவை போதாது. ஆர்.பி.இசட். தடுப்பானை (இரண்டு தடுப்பு வால்வுகளும் நடுவே அழுத்தம் குறைந்த அறையும் கொண்ட கருவி) பயிற்சி பெற்ற பிளம்பரைக் கொண்டு பொருத்தி, வருடம் ஒருமுறை சோதியுங்கள். குழாயில் நுரையோ மருந்து வாடையோ வந்தால் உடனே மெயினை மூடி, குடிநீர் வழங்கும் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அந்தத் தண்ணீரைக் காய்ச்சினாலும் பூச்சிமருந்து போகாது.