'உடம்பைக் குறைச்சுட்டு வர்றேன்' என்று சொல்லாதீர்கள்: சிலம்பம் கற்க வருபவர்கள் செய்யும் தவறுகள்

மகளைச் சிலம்ப வகுப்பில் விடுவதற்காகத்தான் நான் அந்த மைதானத்துக்குப் போக ஆரம்பித்தேன். காலை ஆறு மணி வகுப்பு. ஒருநாள் வாத்தியார், "சும்மா நிக்கிறதுக்கு நீங்களும் வரலாமே சார்" என்றார். "கொஞ்சம் உடம்பைக் குறைச்சுட்டு வர்றேன் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்படியே ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. எடை குறையவில்லை, இரண்டு கிலோ கூடியிருந்தது. அப்போது எனக்கு வயது 41.

பெரியவர்கள் செய்கிற முதல் தவறும், பல பேருக்குக் கடைசித் தவறும் இதுதான். முதலில் உடற்தகுதி, அப்புறம் கலை என்று நினைத்துக்கொள்கிறோம். வகுப்பில் முதல் மாதம் என்ன நடக்கிறது என்று பார்த்தால் அந்தப் பயம் போய்விடும். வணக்கம் போடக் கற்றுத் தருவார்கள், பிறகு காலடி. எந்தக் கால் முன்னால், எந்தக் கால் பின்னால், எங்கே திரும்ப வேண்டும், இவ்வளவுதான். வேகமான வீச்சும் சண்டையும் வெகு தூரத்தில் இருக்கின்றன. ஜூடோவில் எதிராளியைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால், அடிபடாமல் விழுவதற்குத்தான் பழக்குவார்கள். அதுபோலத்தான் இங்கே கால் பாடம். ஓரளவு நடக்க முடிந்தவர் யாரும் இதைத் தொடங்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. ஜிம்மில் டிரெட்மில்லில் ஓடிச் சேர்க்கும் தகுதி மூச்சுக்கு உதவும். ஆனால் முன்பாதத்தை ஊன்றிச் சட்டென்று திரும்புவதற்கும், மணிக்கட்டைத் தளர்த்திக் கம்பைச் சுழற்றுவதற்கும், கையைத் தோளுக்கு மேலே பத்து நிமிடம் வைத்திருப்பதற்கும் அது உதவாது. எந்த வேலையைப் பழக்குகிறோமோ அந்த வேலைக்குத்தான் உடம்பு தயாராகும். பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு மணி நேர வகுப்பு வாரம் மூன்று என்றால், அந்தக் கணக்கில் பெரும்பகுதி வகுப்பிலேயே தீர்ந்துவிடும்.

இல்லை, சும்மா போய் நிற்கக் கூச்சமாக இருக்கிறது என்றால் ஒரு மாதம் இதை மட்டும் செய்யுங்கள்: தினமும் அரை மணி நேரம் வேகநடை, கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருப்பது, பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். ஒரு மாதம் முடிந்ததும் போய்ச் சேர்ந்துவிடுங்கள். இரண்டாம் மாதம் கேட்காதீர்கள்.

அடுத்தது, உடம்பில் இருப்பதை மறைப்பது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை. பிபி, சுகர், வீசிங், பழைய எலும்பு முறிவு, முழங்கால் தேய்மானம் எது இருந்தாலும் முதல் நாளே வாத்தியாரிடம் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் உங்கள் டாக்டரிடமும் கேட்டுவிட வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்கும், சில சுகர் மாத்திரை எடுப்பவர்களுக்கும், வெறும் வயிற்றில் பயிற்சி செய்தால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். பிபிக்காகச் சிலருக்குத் தரும் மாத்திரைகள் இதயத் துடிப்பு ஏறுவதையே கட்டுப்படுத்தும். கையில் கட்டியிருக்கும் வாட்ச் காட்டும் எண்ணை நம்பி அவர்கள் தங்களை விரட்டிக்கொள்ளக்கூடாது. நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால், பக்கத்தில் நிற்கும் பையன் என்ன நினைப்பான் என்று பார்க்காமல் உட்கார்ந்துவிடுங்கள். இறுக்கம் விடவில்லை என்றால் நேராக ஆஸ்பத்திரிக்கு.

நான் செய்த தவறு வேறு. சேர்ந்த பிறகு, விட்ட ஒன்றரை வருஷத்தையும் ஒரே மாதத்தில் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். காலையில் வகுப்பு, ராத்திரி மொட்டை மாடியில் தனியாக இருநூறு சுற்று. முதல் வாரம் உடம்பெல்லாம் வலித்தது, அது சாதாரண வலி. புது உழைப்பின் வலி மறுநாள் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், தானாக இறங்கும். அந்த மூன்றாம் நாளில் பயந்து நின்றுவிடுபவர்கள் நிறைய. நான் நிற்கவில்லை. மூன்றாம் வாரத்தில் முழங்கைக்கு வெளிப்பக்கம் ஒரே ஒரு புள்ளியில் வலி வந்தபோதும் நிற்கவில்லை. கடைசியில் காபி டம்ளரைத் தூக்க இடது கையைத் தேட வேண்டியதாயிற்று. ஆறு வாரம் கம்பைத் தொடவில்லை.

தசை சீக்கிரம் பலம் பெறும். அதை எலும்போடு கட்டி வைக்கும் தசைநாண் மெதுவாகத்தான் தேறும். 'நமக்குத்தான் பழகிவிட்டதே' என்று தோன்றும் மூன்றாவது நான்காவது வாரம்தான் ஆபத்தானது. பரவலாக, இரண்டு பக்கமும் ஒரேமாதிரி வலித்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு இடத்தில் விரலால் தொட்டுக் காட்டும்படி வலித்தாலோ, மூட்டு வீங்கினாலோ பயிற்சியை நிறுத்த வேண்டும். முதல் இரண்டு மாதத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதே போதும்.

என் முழங்கை கெட்டதற்கு இன்னொரு காரணத்தை வாத்தியார்தான் கண்டுபிடித்தார். "கம்பை ஏன் சார் கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிக்கிறீங்க?" என்று கேட்டார். புதியவர்கள் எல்லோரும் அப்படித்தான் பிடிக்கிறோம், நழுவி விழுந்துவிடுமோ என்ற பயத்தில். விழட்டும். பிடி இறுகினால் மணிக்கட்டு திரும்பாது, முழுப் பாரமும் முன்கையில் ஏறும். கூடவே மூச்சையும் பிடித்துக்கொள்வோம். பிபி உள்ளவர்களுக்கு அது கூடவே கூடாது. வாய்விட்டு எண்ணிக்கொண்டே சுற்றினால் மூச்சு தானாக வெளியே போகும்.

வார்ம்அப் நேரத்துக்குத் தாமதமாக வராதீர்கள். தூங்கி எழுந்த உடம்போடு நேராகக் கம்பு சுற்றினால் முதலில் பிடித்துக்கொள்வது கெண்டைக்கால். தண்ணீர் குடியுங்கள், கால் நகத்தை வெட்டுங்கள், வெறுங்காலில் ஆடுவதற்கு முன் மண்ணில் கண்ணாடித் துண்டு கிடக்கிறதா என்று ஒரு நடை பாருங்கள். கம்பு தரையில் நிறுத்தினால் உங்கள் நெற்றி வரை வந்தால் போதும். கடையில் இருப்பதிலேயே கனமானதைத் தேர்ந்தெடுக்கும் ஆசை ஆண்களுக்கு அதிகம். இலேசானது வாங்குங்கள்.

குழந்தைகளோடு ஒப்பிட்டுக்கொள்வதும் வேண்டாம். பத்து வயதுப் பிள்ளை ஒரு ஆட்டம் ஆடிவிட்டு, நீங்கள் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அடுத்ததுக்குத் தயாராக நிற்கும். கடும் உழைப்பிலிருந்து சிறுவர்களின் உடம்பு பெரியவர்களைவிட வேகமாக மீள்கிறது, அது உங்கள் குறை அல்ல. என் மகள் எனக்கு ஒன்றரை வருஷத்துக்கும் மேல் சீனியர். "அப்பா, அது வலது கால்" என்று மைதானத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வாள். பழகிக்கொண்டேன்.

வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது பரிசுக் கோப்பைகளை எண்ணாதீர்கள். சேர்வதற்கு முன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். தப்பாகச் செய்த பையனுக்கு நூறு தோப்புக்கரணம் போடச் சொல்கிறாரா, பக்கத்தில் வந்து காலைத் திருப்பி வைக்கிறாரா? முதல் நாளே எல்லோரையும் வாந்தி எடுக்கும்வரை ஓடவிட்டு அதைப் பெருமையாகச் சொல்லும் இடங்களும் இருக்கின்றன. 'எனக்கு முழங்கால் வலி' என்று ஒருவர் சொன்னதும், அவருக்கென்று பயிற்சியை மாற்றித் தருகிறவரிடம் சேருங்கள்.

கடைசியாக, ஹாலில் வைத்துச் சுழற்றாதீர்கள். நெற்றி உயரக் கம்பு ஒரு சுற்றுக்கு எவ்வளவு இடம் கேட்கும் என்று எங்கள் வீட்டு டியூப்லைட்டுக்குத் தெரியும்.