செம்பனைப் பூச்சில் ரத்தப் புரதம்: அளவைக் கெடுக்கும் தவறுகள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணி வட்டாரத்தில் பால்மரம் நின்ற தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. அந்த எண்ணெயிலிருந்து பாலியோல் (ஹைட்ராக்சில் தொகுதிகள் ஏற்றிய எண்ணெய்) எடுத்து, அதை ஐசோசயனேட்டோடு கலந்து இறுகவைத்துப் பாலியூரித்தேன் பூச்சு செய்து, அதில் ரத்தப் புரதம் எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்ப்பது இங்குள்ள மாணவர்களுக்குக் கைக்கெட்டும் ஆய்வுதான். பூச்சு செய்வது பாதி வேலை. மீதிப் பாதியில்தான் பிசகுகிறது. பூச்சிலிருந்து கசிந்தது, சோதனைத் தட்டின் குழிச் சுவரில் ஒட்டியது, கழுவும்போது படிந்தது என எல்லாம் சேர்ந்து ‘ரத்தப் புரதம்’ என்ற பெயரில் அட்டவணையில் ஏறிவிடுகின்றன.

பூச்சிலேயே தொடங்கலாம். செம்பனை எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழப் பாதி நிறைவுற்றவை. இரட்டைப் பிணைப்பு இல்லாத அந்தச் சங்கிலிகளில் ஹைட்ராக்சில் தொகுதியை ஏற்ற வழியில்லை. இரட்டைப் பிணைப்பு எவ்வளவு என்பதைச் சொல்லும் அயோடின் எண் சோயா எண்ணெய்க்கு 120-க்கு மேல். செம்பனைக்கு 50 முதல் 55 வரைதான். அதனால் சோயா பாலியோலுக்கு எழுதிய செய்முறையை அப்படியே எடுத்துச் செம்பனைக்குப் போட்டால் ஐசோசயனேட் கணக்கு தப்பும். பாலியோல் தயாரிக்கும் ஒவ்வொரு முறையும் அதன் ஹைட்ராக்சில் எண்ணை (அதில் ஹைட்ராக்சில் எவ்வளவு என்பதை) அளந்து பிறகே கலவை விகிதத்தை முடிவு செய்ய வேண்டும். கணக்கு சரியாக இருந்தாலும் நிறைவுற்ற சங்கிலிகள் வலைக்குள் கோக்கப்படாமல் வால்போலத் தொங்கும். நீரை ஒதுக்கும் அந்த வால்கள் மேற்பரப்பில் கூடும் இடத்தில், ரத்தத்தை உறையவைக்கும் புரதமான ஃபைப்ரினோஜன் பிடித்துக்கொள்ளும்.

நம் ஊர்க் காற்றின் ஈரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். மூடி திறந்து கிடந்த பாலியோல் ஈரத்தை இழுத்திருக்கும். ஐசோசயனேட் அந்த நீரோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடு விடும். பூச்சு முழுக்க ஊசித்துளைகள் விழும். துளை விழுந்த பூச்சில் ‘ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இவ்வளவு’ என்ற கணக்குக்கே பொருளில்லை. கலப்பதற்கு முன் பாலியோலை 80 டிகிரி செல்சியஸ் வெற்றிட அடுப்பில் சில மணி நேரம் வைத்து ஈரத்தை ஓட்ட வேண்டும்.

இறுகிய பூச்சிலும் வினைபுரியாத எண்ணெயும் தனிக் கொழுப்பு அமிலங்களும் மிச்சம் இருக்கும். ரத்தத்தில் கொழுப்பு அமிலத்தைச் சுமப்பதே அல்புமினின் தொழில்களில் ஒன்று. பூச்சு கசிய விட்டதை அது ஏந்திக்கொண்டால், பூச்சின் மேல் நடந்துகொள்ளும் விதமும் மாறும். எத்தனாலில் ஊறவைத்து, உலர்த்தி, எடை குறைவது நிற்கும்வரை திரும்பச் செய்யுங்கள். பிறகு பி.எச். 7.4 பாஸ்பேட் பஃபரில் (பி.எச். மாறாமல் காக்கும் உப்புக் கரைசலில்) 37 டிகிரியில் ஓர் இரவு ஊறட்டும். உலர்ந்த பூச்சைப் புரதக் கரைசலில் நேராகப் போடக் கூடாது.

அடுத்தது கணக்கு. அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். 12 மில்லிமீட்டர் கண்ணாடி வில்லையை இருபுறமும் பூசினால் பரப்பு 2.26 சதுர சென்டிமீட்டர். (ஒரு பக்கம் மட்டும் பூசிவிட்டு மறுபக்கத்தை மறப்பவர்கள் கண்ணாடியில் ஒட்டியதையும் சேர்த்து எண்ணுகிறார்கள்.) சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராம் ஃபைப்ரினோஜன் ஒட்டுவதாக வைத்துக்கொண்டால், வில்லை முழுவதற்கும் 1.1 மைக்ரோகிராம். ஊற்றிய கரைசலோ ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம், அதாவது 1000 மைக்ரோகிராம். ‘முன்பு இருந்தது கழித்தல் பின்பு இருப்பது’ என்று அளந்தால் 1000-ல் 1.1 குறைந்ததைக் கண்டுபிடிக்க வேண்டும். பிப்பெட்டின் பிழை 1 விழுக்காடு என்றாலே 10 மைக்ரோகிராம். அந்த முறையில் வரும் எண் பிப்பெட்டைப் பற்றித்தான் பேசும்.

ஒட்டியதைக் கழற்றி எடுத்து அளப்பதே சரி. அதற்கும், புரதத்தை நிறத்தால் அளக்கும் சாதாரண பி.சி.ஏ. சோதனை உதவாது, அது 20 மைக்ரோகிராம்/மில்லிலிட்டரிலிருந்துதான் பேசத் தொடங்கும். ஐந்து வில்லைகளை ஒரே மில்லிலிட்டர் 1 விழுக்காடு எஸ்.டி.எஸ். என்னும் சவர்க்காரக் கரைசலில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல், ஒரு மணி நேரம் குலுக்கினால் 5 மைக்ரோகிராமைத் தாண்டும், குறைந்த அளவுக்கான மைக்ரோ பி.சி.ஏ. அதைப் படிக்கும். எஸ்.டி.எஸ். இருக்கும் கரைசலில் இன்னொரு நிறச் சோதனையான பிராட்ஃபோர்டின் சாயத்தைப் போட வேண்டாம், நிறம் பொய் சொல்லும். கழற்றுவதற்கு முன் வில்லைகளைப் புதிய குப்பிக்கு மாற்றுங்கள். பழைய குழியின் பிளாஸ்டிக் சுவரிலும் புரதம் ஒட்டியிருக்கும். நீரை ஒதுக்கும் பரப்பில் வெகுநேரம் கிடந்த புரதம் முதல் கழற்றலில் முழுதாக வராது. இரண்டாவது முறை கழற்றிப் பார்த்தால் மிச்சம் தெரியும்.

இனித் தாவரப் பூச்சுக்கே உரிய பொறி. பி.சி.ஏ. சோதனையில் செம்பு அயனியைப் புரதம் எலக்ட்ரான் தந்து ஒடுக்கும்போது ஊதா நிறம் வருகிறது. செம்பை ஒடுக்கப் புரதம்தான் வேண்டும் என்றில்லை. டானின், லிக்னின் துணுக்குகள், மாவுப்பொருளின் ஒடுக்கும் முனைச் சர்க்கரை ஆகியவையும் அதைச் செய்யும். ரப்பர் பால் பூச்சு என்றால் சிக்கல் இரட்டிப்பு, பாலுக்கே சொந்தப் புரதம் உண்டு. கையுறைகளில் கசியும் புரதத்தை அளக்கும் ஏ.எஸ்.டி.எம். தர அமைப்பின் டி5712 முறை, அமிலத்தால் புரதத்தை முதலில் வீழ்படிவாக்கிப் பிரித்த பிறகே நிறம் பார்ப்பது இதற்காகத்தான். உங்கள் சோதனையில் ‘வெற்று’ என்பது வெறும் பஃபர் அல்ல. அதே பூச்சு, அதே நேரம், அதே வெப்பம், அதே எஸ்.டி.எஸ்., ஆனால் புரதம் மட்டும் இல்லாத வில்லைகள். குறைந்தது மூன்று தொகுதி. அவற்றின் எண் புரதம் போட்டதன் எண்ணில் பாதிக்கு வந்துவிட்டால் நிறச் சோதனையைக் கைவிட்டு, குறிப்பிட்ட புரதத்தை எதிர்ப்பொருளால் அறியும் எலைசாவுக்குப் போவது நல்லது.

கழுவுவதில் ஒரு நுணுக்கம். புரதக் கரைசலின் மேல், காற்றைத் தொடும் இடத்தில், மெல்லிய புரத ஏடு பாலாடைபோல மிதக்கும். வில்லையை இடுக்கியால் தூக்கினால் அந்த ஏடு அப்படியே பூச்சில் போர்த்திக்கொள்ளும். எனவே தூக்காமல் கழுவுங்கள். 24 குழித் தட்டில் 2 மில்லிலிட்டர் இருந்தால் 1.5 உறிஞ்சி, 1.5 புதிய பஃபர் ஊற்றுங்கள்; ஐந்து முறையில் புரதம் 1024-ல் ஒரு பங்காகிவிடும், வில்லை ஒரு கணமும் காற்றைப் பார்க்காது. தொடக்கத்திலும் பஃபர் இருக்கும் குழியில்தான் புரதத்தைச் சேர்க்க வேண்டும்.

ரத்தம் என்று எழுதிவிட்டுச் சீரத்தில் சோதிப்பது மன்னிக்க முடியாத தவறு. உறைந்து முடிந்த ரத்தத்தின் தெளிவே சீரம். ஃபைப்ரினோஜன் ஏற்கெனவே உறைகட்டியோடு போய்விட்டது. ரத்தம் உறையாதபடி சிட்ரேட் சேர்த்துப் பிரித்த தெளிவான சிட்ரேட் பிளாஸ்மாவே வேண்டும்: 3.2 விழுக்காடு சோடியம் சிட்ரேட் ஒரு பங்கு, ரத்தம் ஒன்பது பங்கு. அல்புமின் மட்டும் வைத்து முடிவு சொல்வதும் அரைகுறைதான். பிளாஸ்மாவில் அல்புமின் மில்லிலிட்டருக்கு 35 முதல் 50 மில்லிகிராம், ஃபைப்ரினோஜன் 2 முதல் 4. எண்ணிக்கையில் மிகுந்தது முதலில் வந்து அமரும். இறுகப் பிடிப்பது பின்னால் வந்து அதை எழுப்பிவிடும். ஆய்வாளர் லியோ விரோமன் பெயரால் அழைக்கப்படும் இந்த இடமாற்றம் பிளாஸ்மா எவ்வளவு நீர்த்தது என்பதைப் பொறுத்தது. நீர்க்காத பிளாஸ்மாவில் கண்ணாடி மேல் அமர்ந்த ஃபைப்ரினோஜனே சில நிமிடங்களில் வெளியேறும்; 1 விழுக்காடு பிளாஸ்மாவில் அது தங்கிவிடும். நீர்ப்பு, நேரம் இரண்டையும் எழுதாத முடிவை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது.

பி.எச். ஏன் முக்கியம் என்பது தோட்டத்தில் பால் உறைந்ததைப் பார்த்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. திராவகம் ஊற்றியதும் ரப்பர் துகளைப் போர்த்திய புரதத்தின் மின்னூட்டம் அழிகிறது, விலக்கல் போய்விடுகிறது, பால் கட்டிப்படுகிறது. அல்புமினும் பி.எச். 4.7 அருகே அப்படித்தான் நெருங்கி நெருங்கிப் படியும். பூச்சிலிருந்து அமிலம் கசிந்தால் உப்புச் செறிவு குறைந்த பஃபர் தாங்காது. சோதனை முடிந்தபின்னும் ஒருமுறை பி.எச். அளந்துவிடுங்கள். ஃபைப்ரினோஜனை 37 டிகிரி உப்புநீரில் தானாகக் கரைய விடுங்கள். பனிக்கட்டியில் வைத்தால் திரிந்து அடியில் தங்கும், சுழற்றினால் நுரைக்கும்.

ஒட்டிய அளவு ஒன்றாகவே இருந்தாலும் இரண்டு பூச்சுகள் ரத்தத்துக்கு ஒன்றல்ல. ஃபைப்ரினோஜனின் காமா சங்கிலியில் 400 முதல் 411 வரையுள்ள அமினோ அமிலங்களாலான கடைசி வால் வெளியே தெரியும்படி படுத்திருந்தால் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் அதைப் பிடித்துக்கொள்ளும். அந்த வாலை மட்டும் அறியும் மோனோகுளோனல் எதிர்ப்பொருளை வைத்து எலைசா செய்தால் இது தெரியும். எதிர்ப்பொருளே நேராகப் பூச்சில் ஒட்டும் என்பதால் 1 விழுக்காடு கேசினால் (பால் புரதத்தால்) பரப்பை மூடிய பிறகே அதைச் சேர்க்க வேண்டும். புரதம் படாத வில்லை இங்கும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.