விக்கிப்பீடியாவில் நம் காட்டையும் மழையையும் எழுதுகிறவர்கள் வழுக்கும் இடங்கள்

தமிழ் விக்கிப்பீடியா 2003-லிருந்து இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து அதில் இயற்கை பற்றி எழுத வருகிறவர்களுக்கு ஊர் அறிவுக்குக் குறைவில்லை. அஞ்செட்டிக் காட்டில் யானை எப்போது இறங்கும், எந்த ஏரி எந்த மழைக்கு நிரம்பும் என்றெல்லாம் தெரியும். கட்டுரையில் செய்யும் முதல் திருத்தத்தில் காலை வாரிவிடுவதும் அந்த அறிவுதான்.

"எங்கள் ஊர் ஏரி பல வருடமாக நிரம்பவில்லை, காலநிலை மாற்றமே காரணம்" என்று ஒருவர் எழுதுகிறார் என்று வையுங்கள். அடுத்த நாள் அந்த வரி இருக்காது. நீக்கியவர் அதைப் பொய் என்று சொல்லவில்லை, எங்கே வெளியாகியிருக்கிறது என்றுதான் கேட்கிறார். நேரில் பார்த்ததும் நாமே கணித்ததும் அங்கே சொந்த ஆய்வு, அதற்கு இடமில்லை. அந்த ஏரிக்கு வரத்துக் கால்வாய் அடைபட்டும் கிடக்கலாம், யார் கண்டது? காலநிலை என்பதே வழக்கமாக 30 வருடச் சராசரியை வைத்துப் பேசப்படுவது. இப்போது பெரும்பாலும் 1991–2020 காலத்தோடு ஒப்பிடுகிறார்கள். ஒரு வருடம் மாம்பூ கருகியதை வைத்து ஒரு பத்தி எழுத முடியாது. பார்த்தது வீண் என்று நினைக்க வேண்டாம். பறவை என்றால் ஈபேர்ட் தளத்தில் போடுங்கள், செடி, பூச்சி என்றால் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போடுங்கள், படத்தை விக்கிப்பீடியாவுக்கான படக் கிடங்கான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுங்கள்.

சரி, சான்று கிடைத்துவிட்டது. அப்புறமும் நம் பகுதிக்கென்றே ஒரு பள்ளம் இருக்கிறது. தர்மபுரி மாவட்டம் 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்தது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தபோது பாதிக்குச் சற்று அதிகமான நிலம் அந்தப் பக்கம் போனது. ஆக, 1990-களின் அறிக்கையில் உள்ள "தர்மபுரி மாவட்ட வனப்பரப்பு" ஓசூர், தேன்கனிக்கோட்டைக் காடுகளையும் சேர்த்தது. அதை 2010-க்குப் பிந்தைய எண்ணோடு ஒப்பிட்டு "பாதிக் காடு அழிந்துவிட்டது" என்று எழுதினால், சான்று இரண்டும் சரியாக இருந்தும் வாக்கியம் தப்பு. மாந்தோப்புப் பரப்பு, மழையளவு, ஏரிகளின் எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் இதே கதை. வெள்ளைக்காரர் காலத்துக் குறிப்புகளை எடுத்தால் சேலம் மாவட்டம் என்று தேட வேண்டும். எண்ணோடு அது எந்த ஆண்டின் எல்லைக்குரியது என்பதையும் எழுதிவிடுங்கள். என்னைக் கேட்டால், இந்த இரண்டு மாவட்டக் கட்டுரைகளில் முதலில் சரிபார்க்க வேண்டியது இதைத்தான்.

பெயர்க் குழப்பமும் உண்டு. பஞ்சப்பள்ளி அணை வழியாக வந்து ஒகேனக்கல்லில் காவிரியோடு சேரும் சின்னாறு வேறு, கேரளத்துச் சின்னாறு சரணாலயம் வேறு. தென்பெண்ணையை ஆங்கிலத்தில் பொன்னையாறு என்றும் எழுதுவார்கள். ஆனால் பாலாற்றில் கலக்கிற பொன்னை ஆறு தனி. காவிரி வடக்குச் சரணாலயம் 2014-இல் அறிவிக்கப்பட்டது, தெற்கு 2022-இல். இரண்டின் பரப்பையும் ஒன்றாகக் கலந்துவிட வேண்டாம்.

மொழிபெயர்க்கும்போது எண்கள் சிதைவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்கச் செய்தியில் "வெப்பம் 2.7 டிகிரி பாரன்ஹீட் உயர்ந்தது" என்றிருக்கும். பள்ளியில் படித்த சூத்திரப்படி 32-ஐக் கழித்தால் மைனஸ் 16 வரும்! உயர்வை மாற்றும்போது கழிக்கக் கூடாது, ஐந்தால் பெருக்கி ஒன்பதால் வகுத்தால் போதும்: 1.5 செல்சியஸ். காலநிலைச் செய்திகளில் அடிக்கடி வரும் இந்த 1.5 என்பதும் 1850–1900 சராசரிக்கு மேல் என்ற கணக்கு, போன வருடத்துக்கு மேல் அல்ல. 2024-இன் சராசரி அந்தக் கோட்டைத் தாண்டியது என்று உலக வானிலை அமைப்பு சொன்னது உண்மை. அதற்காக, உயர்வை 1.5-க்குள் நிறுத்த முயலும் பாரிஸ் உடன்படிக்கையின் இலக்கு முறிந்துவிட்டதாக எழுதிவிடக் கூடாது, இலக்கு நீண்டகாலச் சராசரியைப் பற்றியது. கருவி மொழிபெயர்த்துத் தரும் வரைவை அப்படியே பதிப்பிக்கிறவர்கள் கட்டுரையில்தான் இப்படிப்பட்ட எண்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கின்றன.

"தற்போது ஒகேனக்கல்லில் பரிசல் இயக்கத் தடை" என்ற வரியை இரண்டு வருடம் கழித்து யாரோ படிப்பார்கள். தேதி போட முடியாத செய்தியை விட்டுவிடுங்கள். ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கியது பற்றி எழுதலாம், ஆனால் "பெங்களூரு நமக்குக் கழிவை அனுப்புகிறது" என்ற தொனி வேண்டாம். எந்த ஆய்வு எதைக் கண்டது, எந்தத் துறை என்ன சொன்னது என்று எழுதினாலே விஷயம் தெரிந்துவிடும். நாளிதழ்ச் செய்தியைச் சான்றாகக் கொடுக்கும் முன், அந்த நிருபரே விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்திருக்கிறாரா என்று விக்கிப்பீடியாக் கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் தேதியைப் பாருங்கள். வட்டம் சுற்றுகிற சான்றுகள் நிறைய.

அரசுத் தளத்தில் இருப்பதால் ஒரு பத்தி பொதுச் சொத்து ஆகிவிடாது. இந்தியாவில் அரசு வெளியீடுகளுக்கும் 60 வருடம் பதிப்புரிமை உண்டு. தகவலை எடுத்துச் சொந்த நடையில் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த சிறுத்தைப் படத்தைப் பொதுவகத்தில் ஏற்றவே வேண்டாம், எடுத்தவர் யாரென்றே தெரியாது. மரம் நடும் குழுவில் இருக்கிறவர்கள் தங்கள் குழுவைப் பற்றித் தாங்களே தொடங்கும் கட்டுரையும் நிலைக்காது.

வரி நீக்கப்பட்டால் திரும்பத் திரும்பச் சேர்த்துச் சண்டை போடாமல் அந்தக் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் கேளுங்கள். அங்கேயும் தீரவில்லை என்றால் தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் கேட்கலாம்.

கடைசியாகப் படங்கள். கைபேசியில் இருப்பிடம் இயக்கத்தில் இருந்தால், எடுத்த இடம் படத்துக்குள்ளேயே பதிவாகி, பொதுவகத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒகேனக்கல் அருவிக்கு அது நல்லது. சந்தன மரம், அழுங்கு (எறும்புத்தின்னி), கழுகின் கூடு என்றால் எடுக்கும் முன்பே இருப்பிடத்தை அணைத்துவிடுங்கள், விவரக் குறிப்பில் மாவட்டப் பெயரோடு நிறுத்துங்கள்.