ஓரப்பட்டியின் கடைசிப் பத்து இஞ்ச்

ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறவர்களுக்கு மூலை திருப்புவதுகூட நாலு தடவை தைத்தால் பழகிவிடும். போர்வையின் விளிம்பை மூடித் தைக்கிற ஓரப்பட்டி ஒரு சுற்று சுற்றி வந்து, தொடங்கிய இடத்தை மறுபடி தொடும்போதுதான் பெரும்பாலும் சொதப்பல் நடக்கிறது. இரண்டு முனையும் எதிரெதிரே தொங்கும், கையில் கத்தரிக்கோல் இருக்கும், வேலை முடியப்போகிறது என்ற அவசரமும் சேர்ந்துகொள்ளும்.

அக்கா மகனுக்கு நான் தைத்த முதல் போர்வை பழைய கைலியும் அம்மாவின் பருத்திச் சேலையும் சேர்ந்தது. இணைக்கத் தெரியாமல், ஒரு முனையை மடித்து மற்றதை அதற்குள் செருகி ஓட்டிவிட்டேன். புளியங்கொட்டையை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி அந்த ஒரு இடம் மட்டும் புடைத்துக்கொண்டு நின்றது. பையன் அந்தக் கட்டியைத் தடவிக்கொண்டேதான் தூங்குவான் என்று அக்கா இன்னமும் சொல்லிக் காட்டுகிறாள்.

நான் இங்கே சொல்வது நேர் நூலில், அதாவது துணியின் நூலோட்டத்தோடு, 2½ இஞ்ச் அகலத்துக்கு வெட்டி, நீளவாக்கில் இரண்டாக மடித்து, அயர்ன் பண்ணி, முன்பக்க ஓரத்தில் தைத்துப் பின்பக்கம் திருப்புகிற பட்டியைப் பற்றி. இதில் இணைப்பு கோணலாகப் போவதற்கான காரணம் இணைக்கும்போது பிறப்பதில்லை, முதல் தையல் போடும்போதே பிறந்துவிடுகிறது. பலரும் பட்டியின் நுனியிலிருந்தே தைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கடைசியில் பிடித்துத் திருப்ப ஒன்றும் மிஞ்சாது. தொடக்கத்தில் 8 முதல் 10 இஞ்ச் வாலைத் தைக்காமல் தொங்கவிடுங்கள். சுற்றி வந்து முடிக்கும்போதும் முதல் தையலுக்கு 10, 12 இஞ்ச் முன்பே நிறுத்திவிடுங்கள். இரண்டு இடத்திலும் நாலு தையல் பின்னால் ஓட்டிக் கட்டிவிட வேண்டும். இல்லையென்றால் முனைகளை இழுத்து இழுத்துப் பார்க்கும்போது தையல் பிரிந்துகொண்டே போகும்.

தொடங்கும் இடத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள். மூலைக்குப் பக்கத்தில் தொடங்கினால் இணைக்கும்போது போர்வையை மடித்துப் பிடிக்க இடம் இருக்காது, ஆகவே ஒரு பக்கத்தின் நடுவாக்கில் தொடங்குவது நல்லது. அதற்கும் முன்னால் பட்டியைத் தைக்காமல் சும்மா சுற்றிலும் வைத்துப் பாருங்கள். துண்டு துண்டாகச் சேர்த்த பட்டியில் ஏதாவது ஒரு இணைப்பு மூலையில் வந்து உட்கார்ந்தால் அங்கே துணி அடுக்கடுக்காகச் சேர்ந்து ஊசியே உடைந்துபோகும். அப்படி வந்தால் தொடங்கும் இடத்தை ஒரு சாண் தள்ளிக்கொண்டால் போதும். பட்டி பற்றாக்குறையும் இந்தச் சமயத்திலேயே தெரிந்துவிடும். 60க்கு 90 இஞ்ச் போர்வை என்றால் சுற்றளவு 300, மூலைக்கும் இணைப்புக்கும் இன்னொரு 15 சேர்த்துக்கொள்ளுங்கள். 44 இஞ்ச் பன்னா, அதாவது அகலம், உள்ள துணியில் எட்டுப் பட்டி, அதாவது 20 இஞ்ச் துணி வேண்டும். ஆடி மாதத்தில் மண்டபம், பாம்பன் பக்கம் வீடு என்றால் கதவைச் சாத்திவிட்டு வெட்டுங்கள், அம்மியே பறக்கும் காற்றில் 2½ இஞ்ச் பட்டி எந்த மூலைக்கு.

இனி அளவு. முனைகளைச் சாய்வுத் தையலில் இணைக்கப் போகிறோம். இரண்டு வாலையும் போர்வை ஓரத்தில் நேராகப் படுக்கவைத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விட்டு வெட்ட வேண்டும். எவ்வளவு ஏற வேண்டும் என்பதில்தான் குழப்பமே. பட்டியை விரித்தால் என்ன அகலமோ அவ்வளவு ஏற வேண்டும், மடித்த அகலம் கணக்கில்லை. கண்முன்னே மடிந்து கிடப்பது 1¼ இஞ்ச் என்பதால் அதையே அளந்து வெட்டினால் பட்டி 1¼ இஞ்ச் குட்டையாகிவிடும், இணைத்தபின் போர்வை அங்கே சுருங்கிக் கூம்பும். கூடுதலாக விட்டாலோ பட்டி தொளதொளவென்று அலை அலையாக நிற்கும். நான் இஞ்ச் டேப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பெரியம்மா திட்டியது ஞாபகம் இருக்கிறது: "டேப்பு எதுக்குடி? மிச்சத் துண்டு கெடக்குல்ல, அதைப் பிரிச்சு வையி." வெட்டி எறிந்த பட்டித் துண்டு ஒன்றை எடுத்து, மடிப்பைப் பிரித்து, குறுக்காக ஓரத்தின் மேல் வைத்தார். முதல் வாலின் நுனி துண்டின் ஒரு விளிம்பில், இரண்டாவது வாலை வெட்ட வேண்டிய இடம் மறு விளிம்பில். பட்டி 2¼ ஆனாலும் 3 ஆனாலும் இந்த அளவு தப்பாது. அளக்கும்போது வால்களை இழுத்துப் பிடிக்காதீர்கள், கிராஸாக, அதாவது நூலுக்குச் சாய்வாக, வெட்டிய பட்டி என்றால் தொட்டாலே நீளும், அதில் இரட்டைக் கவனம் வேண்டும்.

அடுத்தது முறுக்கு. போர்வை கனமானது, மேஜையிலிருந்து தொங்கினால் வால்களைத் தன் பக்கம் இழுக்கும். அதனால் தைக்காமல் விட்ட இடைவெளியில் போர்வையையே மடித்து, துணி காயப்போடும் கிளிப் ஒன்றைப் போட்டுவிடுங்கள், இரண்டு முனையும் தளர்வாகக் கைக்கு வரும். இடது வாலை நல்ல பக்கம் மேலே இருக்க விரியுங்கள். வலது வாலை விரித்து, நல்ல பக்கம் கீழே பார்க்க, அதன்மேல் செங்கோணமாக வையுங்கள். நுனியோடு நுனி சரியாகப் பொருந்தி ஒரு சதுரம் வரும். அந்தச் சதுரத்தில் மூலைக்கு மூலை போட இரண்டு கோடு உண்டு, ஒன்றுதான் சரி. சாக்பீஸால் கோடு போட்டபின், வெட்டிய நுனிகள் இரண்டும் முழுசாகக் கோட்டுக்கு ஒரே பக்கத்து முக்கோணத்தில் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் அந்தக் கோடு, இல்லையென்றால் மற்றது.

அப்புறம் எல்லோரும் செய்வது, தைத்த கையோடு மிச்சத்தை வெட்டிவிடுவது. வேண்டாம். முதலில் நீளத் தையலாக ஓட்டுங்கள், கிளிப்பை எடுங்கள், பட்டியை மடித்து ஓரத்தில் வைத்துப் பாருங்கள். முறுக்கிக்கொண்டிருந்தால் ஒரு நிமிடத்தில் பிரித்துவிடலாம். சரியாக இருந்தால் அதே கோட்டில் சின்னத் தையல் போட்டு, கால் இஞ்ச் விட்டு வெட்டுங்கள். தையலை இரண்டு பக்கமும் விரித்து அயர்ன் பண்ணுங்கள், ஒரே பக்கம் சாய்த்தால், தடிப்பு பரவட்டும் என்று சாய்வாகத் தைத்ததன் பலனில் பாதி போய்விடும். குண்டூசி குத்தியபடி போர்வையை ராத்திரி போட்டுவிட்டுப் போகாதீர்கள், எங்கள் உப்புக் காற்றில் காலையில் துணியில் துருப்புள்ளி இருக்கும், அது சோப்புக்குப் போகாது.

கட்டம் போட்ட கைலித் துணியில் பட்டி என்றால் மட்டும் நான் சாய்வுத் தையல் போடுவதில்லை. கட்டம் அந்தச் சாய்கோட்டில் உடைந்து எட்ட நின்றே தெரியும். அங்கே கட்டத்தின் கோட்டோடு கோடாக நேர் தையல், கொஞ்சம் தடித்தாலும் பரவாயில்லை, கண்ணுக்குப் படாது. நேர் தையலுக்கு அளவு வேறு: இரண்டு நுனிக்கும் கால் கால் இஞ்ச், ஆக அரை இஞ்ச் ஏறினால் போதும்.

இவ்வளவு பார்த்தும் பட்டி ஒரு நூல் அளவு கூடுதலாக வந்துவிட்டால் பிரிக்க வேண்டாம். கடைசி இடைவெளியைத் தைக்கும்போது மட்டும் போர்வையைத் திருப்பி, பட்டி மிஷினில் துணியை நகர்த்தும் பல்லின் மேல் படும்படி அடியில் விட்டு ஓட்டுங்கள். அடியில் இருக்கும் துணியைப் பல் கொஞ்சம் கூடுதலாகவே இழுத்துக்கொள்ளும், அந்த ஒரு நூலும் அதற்குள் அடங்கிவிடும்.